கட்டில் கணக்கு

குமணன்சாவடி பக்கம் வந்தா, கரண்ட் கம்பத்துல ஒட்டியிருக்கிற நோட்டீஸையெல்லாம் ஒரு நிமிஷம் நின்னு படிச்சுப் பாருங்க. லேடீஸ் ஹாஸ்டல். ஜென்ட்ஸ் பி.ஜி. டூ ஷேரிங், த்ரீ ஷேரிங், ஃபோர் ஷேரிங். மூணு வேளை சாப்பாடு, வைஃபை, வாஷிங் மெஷின். பாதி நோட்டீஸ் தெலுங்குல இருக்கும். குடும்பத்துக்கு வீடு வாடகைக்குன்னு ஒண்ணாவது இருக்கான்னு தேடுங்க. ரொம்ப நேரம் தேடணும்.

அந்த வீடெல்லாம் எங்கே போச்சு? எங்கேயும் போகல. அதே ஹால், அதே ரெண்டு பெட்ரூம், அதே மொசைக் தரை. உள்ளே கட்டில் போட்டாச்சு.

எங்களுக்கு நாலு பக்கமும் காலேஜ். கிழக்கே போரூர்ல ராமச்சந்திரா, 1985-லேர்ந்து இருக்கு. வடக்கே பூந்தமல்லி ஹைரோட்டுக்குப் போனா வேலப்பன்சாவடியில சவீதா பல் மருத்துவக் கல்லூரியும் ஏ.சி.எஸ். மெடிக்கல் காலேஜும். அதே ரோட்டுல மதுரவாயல் போனா டாக்டர் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகம். மேற்கே நசரத்பேட்டையில பனிமலர். இன்னும் தள்ளித் தண்டலம் போனா சவீதா, ராஜலட்சுமி. படிக்க வர்ற பிள்ளைங்க எல்லாருக்கும் காலேஜ் ஹாஸ்டல்ல இடம் கிடைக்குமா? கிடைச்சாலும் அந்த ஃபீஸ் கட்ட முடியுமா? வெளியே வர்றாங்க. வெளியேன்னா எங்க தெரு.

கணக்கு போட்டுப் பார்த்தா வீட்டுக்காரங்க மேல கோபப்படக்கூட முடியல. ரெண்டு பெட்ரூம் வீடு, குடும்பத்துக்கு விட்டா 15,000 ரூபாய்னு வையுங்க. அதுலயே எட்டு கட்டில் போட்டு, சாப்பாட்டோட ஒரு கட்டிலுக்கு 6,000 வாங்கினா 48,000. சமையல் ஆள், மளிகை, கரண்ட், தண்ணி லாரின்னு பாதி போனாலும் கையில 24,000 நிக்குது. குடும்பஸ்தன் எந்தக் காலத்துல இதோட போட்டி போட முடியும்? இந்த ஏரியாவுல குடும்பத்தோட வாடகையை நிர்ணயிக்கிறது இன்னொரு குடும்பம் இல்ல. கட்டில்.

எங்க ஹவுஸ் ஓனர் அம்மா போன மாசம் மாடிக்கு வந்தாங்க. ரொம்ப நல்லவங்க. பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புவாங்க, எங்க வீட்டுல யாருக்காவது காய்ச்சல்னா ரசம் வச்சுக் கொடுப்பாங்க. தயங்கித் தயங்கிச் சொன்னாங்க: "தம்பி, உங்களை மாதிரி ஒரு குடும்பம் எனக்குக் கிடைக்காது. ஆனா பையன் ஒத்துக்க மாட்டேங்கிறான். ஹாஸ்டல் நடத்துறவங்க மொத்த பில்டிங்கையும் கேக்கறாங்களாம். மே மாசம் வரைக்கும் இருந்துக்கோங்க." என் பொண்ணு அடுத்த வருஷம் பத்தாவது. அதைச் சொன்னதும் அவங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா மே மாசம் மே மாசம்தான்.

தெருவைச் சொல்றேன், கேளுங்க. மாவு மில் இருந்த இடத்துல இப்போ ஷவர்மா கடை. மில்லுல அரிசி ஊறப்போட்டுக் கொண்டுபோனா அரைச்சுக் கொடுப்பாங்க, இப்போ எல்லாரும் பாக்கெட் மாவுதான். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைச்சுக் கொடுத்த டெய்லர் காட்டுப்பாக்கத்துக்கு உள்ளே எங்கேயோ போயிட்டார். அந்தக் கடைக்கு அவர் கொடுத்த வாடகையைப் போல ரெண்டு பங்கு கொடுத்து ஜெராக்ஸ்காரர் வந்துட்டார். பிராஜெக்ட் ரிப்போர்ட், ஸ்பைரல் பைண்டிங், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கூட்டம். அவர் பொழைப்பு அவருக்கு. ஆனா பொண்ணோட யூனிஃபார்ம் ஹெம்மிங் பிரிஞ்சா யார்கிட்ட போறது?

தெருவுல ரெண்டு பக்கமும் பைக். குறுக்கால நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சைடு லாக் பண்ணிட்டுப் போயிடறாங்க. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒருநாள் ராத்திரி மூச்சுத்திணறல். 108 வந்துச்சு. தெரு முனையிலேயே நின்னுடுச்சு. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டு ஓடினது யாருன்னு நினைக்கிறீங்க? ஹாஸ்டல் பசங்கதான். பனியனோட, செருப்புகூட இல்லாம ஓடி வந்தாங்க. அதனாலதான் சொல்றேன், அந்தப் பிள்ளைங்க மேல எனக்கு வருத்தமே இல்ல. பைக் நிறுத்த இடம் விடாம மூணு மாடி எழுப்பினது அவங்களா? அதுக்கு பிளான் அப்ரூவல் கொடுத்தது அவங்களா?

செப்டிக் டேங்க் விஷயத்தைச் சொல்லாம இருக்க முடியல. மூணு குடும்பத்துக்குன்னு வெட்டின டேங்க். பன்னிரண்டு, பதினஞ்சு பேர் புழங்குற கணக்கு. இப்போ அதே டேங்கை நம்பி நாப்பது பேர். எப்பவோ ஒரு தரம் வந்த லாரி இப்போ அடிக்கடி வருது. அது வர்ற அன்னைக்குத் தெருவே ஜன்னலை மூடிக்குது. வராத அன்னைக்கு மூடி ஓரமா கசிஞ்சு கால்வாய்க்குப் போகுது, மழைத் தண்ணி போறதுக்காகக் கட்டின கால்வாய். போர்த் தண்ணியும் அப்படித்தான். காலையில அஞ்சு மணிக்கே மோட்டார் ஓடும். ஆறரைக்கு எங்க பைப்புல காத்துதான் வரும்.

இந்த ஹாஸ்டல்களை யாராவது கேக்கறாங்களா? சட்டம் இல்லாம இல்ல. பெண்களும் குழந்தைகளும் தங்குற விடுதிகளுக்குன்னே 2014-ல தமிழ்நாட்டுல தனிச் சட்டம் வந்துச்சு. கலெக்டர்கிட்ட உரிமம் வாங்கணும். பொண்ணை ஹாஸ்டல்ல சேர்க்க வர்ற அப்பா அம்மா எத்தனை பேருக்கு அந்த உரிமத்தைக் காட்டுங்கன்னு கேக்கலாம்னு தெரியும்? வரி விஷயத்துலயும் சலுகை வந்தாச்சு. 2024 ஜூன்ல கூடின ஜி.எஸ்.டி. கவுன்சில், ஒரு ஆளுக்கு மாசம் 20,000 ரூபாய் வரைக்கும், தொடர்ந்து 90 நாளாவது தங்கினா, வெளி ஹாஸ்டலுக்கு வரி வேண்டாம்னு சொல்லிடுச்சு. மாணவர்களோட சுமை குறையணும்னு செஞ்சது, நல்லதுதான். எங்க தெருவுல எந்த ஹாஸ்டல்லயும் கட்டணம் குறைஞ்சதாக் கேள்விப்படல.

டீக்கடையில ஒரு பையன் பழக்கம். நெல்லூர் பக்கம், அப்பா நெல் விவசாயம். ஃபோர் ஷேரிங் ரூம்ல இருக்கான். வேற இடத்துக்கு மாறலாம்னு பார்த்தா, சேரும்போது கட்டின அட்வான்ஸ்ல ஒரு பெரிய தொகையை மெயின்டனன்ஸுன்னு பிடிச்சுக்குவாங்களாம். "எதுக்கு அங்கிள் மெயின்டனன்ஸ்? ஃபேன்கூட நாங்கதான் ரிப்பேர் பண்ணினோம்" அப்படின்னான். அவனுக்கு ரசீது இல்ல. எனக்கு அக்ரிமென்ட் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே நிலைமையிலதான் இருக்கோம்.

அக்ரிமென்ட்டுன்னதும் வயிறு எரியுது. இந்த 11 மாத ஒப்பந்தம் எப்படி வந்துச்சு தெரியுமா? 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைப் பதியணும். பதியாம தப்பிக்க ஒரு மாசத்தைக் குறைச்சாங்க. அதுவே பழக்கமாயிடுச்சு. அப்புறம் தமிழ்நாடு அரசு 1960-லேர்ந்து இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தூக்கிட்டு 2017-ல புதுச் சட்டம் கொண்டுவந்துச்சு. 2019 பிப்ரவரி 22-லேர்ந்து அமல். 11 மாசமோ 11 வருஷமோ, ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதியணும். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கலைன்னா, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக்கூடாது. காலி பண்ணினா ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பிடித்தம் போக, திருப்பிக் கொடுக்கணும்.

படிக்க எவ்வளவு நல்லா இருக்கு! உங்க வீட்டுக்கு எத்தனை மாச அட்வான்ஸ் கொடுத்திருக்கீங்க? பத்து? எட்டு? ஆறுன்னா நீங்க அதிர்ஷ்டசாலி. சட்டம் மூணுன்னு சொல்லுதேன்னு ஒரு புரோக்கர்கிட்ட கேட்டேன். அவர் கோபப்படல, சிரிக்கவும் இல்ல. "சார், உங்களுக்குப் பின்னாடி நாலு பேர் வீடு பார்க்க நிக்கறாங்க. அவங்க யாரும் இதைக் கேக்கல" அப்படின்னார். சட்டம் எங்க தோத்துப்போகுதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. வீடு வேணும்னு வாசல்ல நிக்கிறவன் எப்படி சார் சட்டம் பேசுவான்? அவன் பேசணும்னு அரசாங்கம் எதிர்பார்க்கக் கூடாது. அரசாங்கம்தான் அந்த வாசலுக்கு வரணும்.

பிடித்தம்னு சொன்னேனே, அதுல பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை. நீங்க ஆறு மாசம் இருந்தாலும் சரி, ஆறு வருஷம் இருந்தாலும் சரி. வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட்டுக்கு அரசாங்கம் பணமே வாங்கறதில்ல. ஆனா சப்-மீட்டர் வச்ச வீட்டுல முதல் யூனிட்லேர்ந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய். ஏழைக்குக் கொடுத்த சலுகை ஏணிப்படியிலேயே நின்னுடுது, மாடிக்கு ஏறி வர்றதில்ல. வாடகையை ஏன் ஏத்தறீங்கன்னு கேட்டா சொத்துவரியைக் காட்டறாங்க. 2022-ல தமிழ்நாடு முழுக்க நகரங்கள்ல அது 25 சதவீதத்துலேர்ந்து 150 சதவீதம் வரைக்கும் ஏறினது உண்மைதான். ஆனா சின்ன வீட்டுக்கு வருஷத்துக்குச் சில ஆயிரம் வர்ற வரி எவ்வளவு ஏறினாலும், மாசா மாசம் ரெண்டாயிரம் மூவாயிரம் வாடகை ஏத்துறதுக்கு அது எப்படிக் காரணமாகும்?

இப்போ மெட்ரோ. இதைப் பேசும்போதுதான் நெஞ்சு அடைக்குது.

கலங்கரை விளக்கத்துலேர்ந்து பூந்தமல்லி பைபாஸ் வரைக்கும் 26.1 கிலோமீட்டர். இந்த லைன் அடங்கின மெட்ரோ ரெண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பர்ல அடிக்கல் நாட்டினாங்க. அதுக்கப்புறம் டிரங்க் ரோட்டுல நாங்க பட்ட பாடு இருக்கே. ரோட்டு நடுவுல பச்சைத் தகரத் தடுப்பு, ரெண்டு பக்கமும் ஒரு பஸ் போற அளவுக்கு வழி. காட்டுப்பாக்கத்துலேர்ந்து போரூர் போறதுக்குள்ள ஸ்கூல் மணி அடிச்சிடும். மழை பெய்ஞ்சா பள்ளம் எது ரோடு எதுன்னு தெரியாது. வெயிலடிச்சா சிமென்ட் தூசி. துணி காயப்போட்டா சாம்பல் கலர்ல எடுக்கணும். என் பொண்ணுக்கு இன்ஹேலர் வந்தது அந்த வருஷங்கள்லதான். ரோட்டோரக் கடைக்காரங்க வியாபாரம் இல்லாம ஷட்டரை இறக்கினாங்க. நாங்க யாரும் மெட்ரோ வேண்டாம்னு சொல்லல. ஒரு நாள் வரும்னு பொறுத்துக்கிட்டோம்.

2025 மார்ச் 20, பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் நடுவுல சோதனை ஓட்டம். டிரைவர் இல்லாத ரயில். மொட்டை மாடியில நின்னு குழந்தைங்க கையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். அந்த வாரமே புரோக்கர்கள் பேச்சு மாறிடுச்சு. அதுவரைக்கும் "2015 வெள்ளத்துல தண்ணி நிக்காத ஏரியா சார்"னு சொல்லிக்கிட்டிருந்தவங்க, "ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரம் சார்"னு ஆரம்பிச்சாங்க. ஒரே வீட்டுக்கு ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல நாலாயிரம் வித்தியாசம்.

யோசிச்சுப் பாருங்க. ரெண்டாம் கட்டத்துக்கு மொத்தம் 63,246 கோடி ரூபாய், 118.9 கிலோமீட்டர். 2024 அக்டோபர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சு. ஜப்பான்லேர்ந்தும் ஆசிய வளர்ச்சி வங்கி மாதிரி இடங்கள்லேர்ந்தும் கடன். அந்தக் கடனை யார் அடைக்கிறது? வரி கட்டுற எல்லாரும். சோப்பு வாங்கறவன், சட்டை வாங்கறவன், நானும்தான், அந்த டெய்லரும்தான். ஆனா அந்தக் காசுல எழும்பின தூணால நிலத்துக்கு ஏறின விலை இருக்கே, அது முழுசும் பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்க வீட்டுக்குப் போகுது. தூசி மட்டும் எல்லாருக்கும் சமமாப் பங்கு வச்சாங்க. இதை ஏன் யாரும் அநியாயம்னு சொல்ல மாட்டேங்கிறாங்க? பத்திரிகையில "ரியல் எஸ்டேட் சூடு பிடிக்கிறது"ன்னு சந்தோஷமா எழுதறாங்க. யாரைச் சுடுதுன்னு எழுதறதில்ல.

நான் வேலை பார்க்கிறது அம்பத்தூர் எஸ்டேட்ல, ஒரு சின்ன யூனிட். திருவேற்காடு, அயனம்பாக்கம் வழியா வண்டியில போவேன். 1964-ல வந்த எஸ்டேட். அதுக்கு முன்னாடியே டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப்புன்னு பெரிய கம்பெனிங்க அம்பத்தூர்ல இருந்துச்சு. அங்கே வேலைக்கு வந்தவங்க கள்ளிக்குப்பத்துலயும் கொரட்டூர்லயும் அரை கிரவுண்ட், ஒரு கிரவுண்ட் வாங்கிக் கூரை போட்டு, பிறகு ஓடு போட்டு, பிறகு தளம் போட்டாங்க. ஆவடியில 1961-ல டாங்க் ஃபேக்டரி வந்தப்ப கூடவே குவார்ட்டர்ஸ் வந்துச்சு, ஸ்கூல் வந்துச்சு, கிரவுண்ட் வந்துச்சு. ஆள் வேணும்னா ஆளுக்கு வீடும் வேணும்னு அன்னைக்கு இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சோசலிசப் பாணி சமுதாயம்தான் நம்ம லட்சியம்னு காங்கிரஸ் தீர்மானம் போட்டதே 1955 ஜனவரியில இதே ஆவடியிலதான்.

அந்த ஆவடியிலதான் என் நண்பர் இருக்கார், இந்து காலேஜ் ஸ்டேஷன் பக்கம். 2024 நவம்பர்ல பட்டாபிராம்ல டைடல் பார்க் திறந்தாங்க, 21 மாடி. வேலை வரட்டும், நம்ம பிள்ளைங்களுக்கு அங்கேயே வேலை கிடைக்கட்டும். எனக்கும் ஆசைதான். ஆனா நண்பரோட வீட்டுக்காரர் அந்தக் கட்டடத்தைக் கையால காட்டித்தான் வாடகையைப் பேசினாராம். கோயம்பேட்டுலேர்ந்து ஆவடி வழியா பட்டாபிராமுக்கு மெட்ரோன்னு ஒரு திட்ட அறிக்கை தயாராச்சே, அதையும் சேர்த்துக்கிட்டாராம். தூண் இல்ல, தண்டவாளம் இல்ல, வெறும் அறிக்கை. அதுக்கே வாடகை! அவசரமா அகலமாக்க வேண்டிய சென்னை-திருவள்ளூர் சி.டி.எச். ரோடு மட்டும் பாடியிலேர்ந்து திருநின்றவூர் வரைக்கும் பேச்சுலயே இருக்கு.

வெளிநாட்டுலயும் இந்தத் தொல்லை உண்டு. இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்துல ஹெடிங்லின்னு ஒரு பகுதி, பல்கலைக்கழகம் பக்கம். வீடு வீடா மாணவர் தங்குமிடமா மாறி, குடும்பங்கள் கிளம்பிப் போக, அங்கே இருந்தவங்க பல வருஷம் குரல் கொடுத்தாங்க. 2010-ல சட்டத்துல தனி வகையே கொண்டுவந்தாங்க: ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்லாத மூணுலேர்ந்து ஆறு பேர் தங்குற வீடு. ஒரு பகுதியில அந்த மாதிரி வீடு அளவுக்கு மேல போகுதுன்னு தெரிஞ்சா, இனிமே குடும்ப வீட்டை அப்படி மாத்த அனுமதி வாங்கணும்னு உள்ளூர் கவுன்சில் சொல்லலாம். மாணவர்களைத் துரத்தல. வீட்டை எண்ணினாங்க. அவ்வளவுதான் செஞ்சாங்க. எங்க நகராட்சியில யாராவது எங்க தெருவுல எத்தனை வீடு வீடா இருக்கு, எத்தனை வீடு கட்டிலா மாறியிருக்குன்னு எண்ணியிருக்காங்களா? வரி போடும்போதாவது எண்ணலாமே!

காலேஜ்களையும் கேக்கணும். ஒரு புது கோர்ஸ் ஆரம்பிச்சு இன்னும் நூறு சீட் கூட்டும்போது, அந்த நூறு பேர் எங்கே தூங்குவாங்க, எங்கே குளிப்பாங்கன்னு எழுதிக் கொடுத்துட்டு சீட்டைக் கூட்டட்டுமே. கேம்பஸ்ல புல்வெளி இருக்கு, ஆடிட்டோரியம் இருக்கு. பிள்ளைங்க செப்டிக் டேங்க் எங்க தெருவுல இருக்கு.

வீடு தேட ஆரம்பிச்சிருக்கேன். முதல்ல சென்னீர்குப்பம், மாங்காடு. அங்கேயும் கட்டில் வந்தாச்சு. சரி, திருமழிசைன்னு போனேன். "குத்தம்பாக்கம் பஸ் டெர்மினஸ் பக்கத்துலயே சார்"னு அங்கே ஆரம்பிச்சாங்க. அதையும் தாண்டி வெள்ளவேடு. வாடகை கட்டுப்படியாகுது. ஆனா அங்கேயிருந்து என் பொண்ணு ஸ்கூலுக்கு எப்படி வருவா? காலையில ஏழு மணி பஸ்ஸுல ஃபுட்போர்டுல தொங்கறாங்க. பத்தாவது நேரத்துல ஸ்கூலை மாத்தவும் மனசு வரல. வீட்டுல சம்சாரம் பாத்திரம் துலக்கிக்கிட்டே கேட்டா: "நாம வந்தப்ப இங்கே ஆட்டோகூட வராது. ரோடு, பஸ், ரயில் எல்லாம் வந்தப்புறம் எதுக்குங்க நாம போகணும்?"

ஹவுஸ் ஓனர் அம்மாகிட்ட நாளைக்குப் பேசப்போறேன். பத்தாவது பரீட்சை முடியற வரைக்கும், இன்னும் ஒரே ஒரு வருஷம் கொடுங்கன்னு கேக்கப்போறேன். வாடகையை ஏத்தித் தர்றேன்னும் சொல்லப்போறேன். அவங்க பையன் எவ்வளவு கேப்பார்னு ராத்திரியெல்லாம் சம்சாரமும் நானும் கணக்கு போட்டுக்கிட்டு இருக்கோம்.